2008 மே மாதம் முடியும் விசா

பிரிட்டனுக்கு மேற்பயிற்சிக்கு வர நினைக்கும் இளம் டாக்டர்கள் என்னிடம் பேசும்போது முதலில் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிரிட்டனில் வேலை பார்க்க வெளிநாட்டு டாக்டர்கள் எழுதும் பிளாப் தேர்வு கஷ்டமா, எத்தனை மாதம் படிக்க வேண்டும், எந்தக் கோச்சிங் நல்லது. விசா பற்றிய கேள்வி கடைசியில், போனை வைக்கிற நேரத்தில்தான் வரும். 2005 ஜனவரியில் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். அடுத்த மூன்றரை வருடம் எனக்கு நடந்ததை இவர்களுக்காக எழுதுகிறேன். விதிகள் அதற்கப்புறம் பலமுறை மாறிவிட்டன. ஆனால் அவை எப்படி மாறுகின்றன, மாறும்போது நடுவில் நிற்பவனுக்கு என்ன ஆகிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது இருந்த ஏற்பாடு எளிமையானது. 1985-இலிருந்து வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிப் பணியில் சேர வொர்க் பெர்மிட் தேவையில்லை. 'பெர்மிட் ஃப்ரீ' என்போம். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி, பிளாப் இரண்டு பகுதியும் பாஸ் செய்து, டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சியில் பதிவு செய்து, எஸ்எச்ஓ என்ற இளநிலைப் பயிற்சி டாக்டர் வேலையும் ஒன்று கிடைத்துவிட்டால் விசா பின்னாலேயே வரும். மதுரையில் எங்கள் சீனியர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். முதல் பகுதியைச் சென்னையில் எழுதினேன். இரண்டாம் பகுதி லண்டன் யூஸ்டன் ரோட்டில் ஜிஎம்சி அலுவலகத்தில். மணி அடித்ததும் அடுத்த அறை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி. பாஸ் செய்துவிட்டேன்.

தங்கியது ஈஸ்ட்ஹாமில். ஒரு வீட்டில் மூன்று அறை, ஒன்பது டாக்டர்கள். ஆந்திராவிலிருந்து நான்கு பேர், லாகூரிலிருந்து இரண்டு பேர், மீதி நாங்கள். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். வாடகை வாங்க வருகிறபோதெல்லாம் "தம்பி, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயில் இருக்கிறது. சாயங்காலம் அங்கே அன்னதானம். வேலை கிடைக்காத டாக்டர்கள் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள், நானும் நின்றேன். ஊரில் ஓபியில் நூறு பேரைப் பார்த்துவிட்டு வந்த கை அது, தட்டை நீட்டும்போது முதல் இரண்டு நாள் நடுங்கியது. பரிமாறியவர்கள் ஒரு நாளும் யார், எவர் என்று கேட்கவில்லை. அந்தக் கோயிலுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

விண்ணப்பங்கள் எல்லாம் அப்போது தபாலில். பிஎம்ஜே என்ற மருத்துவ இதழின் வேலை விளம்பரப் பக்கங்கள் வந்ததும் ஒன்பது பேரும் பேனாவோடு உட்கார்ந்துவிடுவோம். சிவி, கவர் லெட்டர், சான்றிதழ் நகல்கள், ஸ்டாம்ப் என்று கையிலிருந்த காசு கரைந்தது. மூன்று மாதம் கிளினிக்கல் அட்டாச்மென்ட் பார்த்தேன், சம்பளமில்லாமல் வார்டில் கூடவே நின்று பார்த்துக் கற்பது அது. 2005 ஆகஸ்ட்டில் ஒரு சிறிய ஊரில் ஆறு மாத எஸ்எச்ஓ வேலை கிடைத்தது.

அது முடிகிற சமயத்தில் ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்: "பெர்மிட் ஃப்ரீயை மட்டும் நம்பாதே. எச்எஸ்எம்பி போட்டு வை." உயர்திறன் கொண்டவர்களைப் புள்ளிக் கணக்கில் உள்ளே எடுக்கும் திட்டம் அது, 2002-இல் வந்தது. படிப்பு, அனுபவம், முந்தைய வருமானம் எல்லாவற்றுக்கும் புள்ளிகள் இருந்தன. நான் விண்ணப்பித்தபோது 65 எடுத்தால் போதும். 28 வயதுக்குக் கீழே இருந்தால் தனி அளவுகோல். எனக்கு 27 முடிய இன்னும் சில மாதம் இருந்தது.

கஷ்டம் வருமானச் சான்றில்தான் வந்தது. ஊரில் நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் சம்பளம் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. அப்பா மூன்று முறை போய்க் காத்திருந்து லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கினார். முதல் கடிதத்தில் தேதி தவறு, இரண்டாவதில் என் இனிஷியல் தவறு. ஆடிட்டரிடம் போய் வருமான வரிக்குக் கட்டிய சரல் ஃபாரத்தைத் தேடி எடுத்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, கூரியரில் அனுப்பினார். ரிட்டயர் ஆன வாத்தியார் அவர். ஒவ்வொரு தாளின் பின்னாலும் அது என்ன, யார் தந்தது, என்று வாங்கியது என்று பென்சிலில் எழுதியிருந்தார். அந்த ஃபைல் இல்லாவிட்டால் நான் இன்று இங்கே இல்லை. வருமானமும் அனுபவமும் எங்கெல்லாம் கேட்கப்படுமோ, அதற்கான தாளை வேலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். விட்டு வந்தபின் கேட்டால் தருவதற்கு யாருக்கும் அவசரமில்லை.

இன்னொரு தாளும் வைக்க வேண்டியிருந்தது. பிரிட்டனையே என் முதன்மை இருப்பிடமாகக் கொள்வேன் என்று நானே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி. அதை எழுத எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து காத்திருந்தபோது, 2006 மார்ச் 7 அன்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 3 முதல் பெர்மிட் ஃப்ரீ கிடையாது. இனி பயிற்சிப் பணிக்கு வொர்க் பெர்மிட் வேண்டும். உள்நாட்டிலும் ஐரோப்பாவிலும் தகுதியான ஆள் இல்லை என்று மருத்துவமனை காட்டினால்தான் அது கிடைக்கும். நான்கு வாரம்கூட அவகாசம் இல்லை. எங்கள் பழைய ஈஸ்ட்ஹாம் வீட்டில் அன்று இரவு யாரும் சமைக்கவில்லையாம். ஆந்திராக்காரர் ஒருவர் அந்த மாதமே டிக்கெட் போட்டு ஊர் திரும்பினார். வீட்டை அடமானம் வைத்து வந்தவர் அவர். பிளாப்பில் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தவர்.

என் எச்எஸ்எம்பிக்கு ஏப்ரல் கடைசியில் ஒப்புதல் வந்தது. மே மாதம் இரண்டு வருட விசா, 2008 மே வரை. எந்த வேலையும் பார்க்கலாம், வொர்க் பெர்மிட் தேவையில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். மூன்று வருடப் பயிற்சி ஒன்றுக்கு நேர்முகத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் அந்த மருத்துவமனையின் பணியாளர் பிரிவிலிருந்து போன் வந்தது. "பதவி 2009 ஆகஸ்ட்டில் முடிகிறது. உங்கள் விசா 2008 மே மாதம் முடிகிறது. உங்களை எடுத்துக்கொள்ள முடியாது."

விசாவை நீட்டிக்கலாமே, நீட்டிப்பதுதானே திட்டமே என்றேன். அது அவர்கள் கணக்கில் வராது என்றார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஏப்ரலிலேயே சுகாதாரத் துறை ஒரு வழிகாட்டல் குறிப்பு வெளியிட்டிருந்தது. பதவி முடிவதற்குமுன் விசா முடிகிறவரை, வொர்க் பெர்மிட் தேவைப்படுபவர்போலவே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். படித்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் எச்எஸ்எம்பியில் முதலில் கிடைத்தது ஒரு வருடமோ இரண்டு வருடமோதான். பயிற்சியோ மூன்று வருடம், அல்லது அதற்கும் மேல். அப்படியானால் எங்களில் ஒருவர்கூடத் தேற முடியாது. குடியேற்றத்தைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸின் விதி எங்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. எங்களைத் தடுக்கும்படி அந்த விதியில் எதுவும் மாறவில்லை. இன்னொரு துறை தன் குறிப்பால் அதே கதவைச் சாத்திவிட்டது. எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. எங்களிடம் இங்கேயே குடியிருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டதும் இதே அரசுதான்.

எனக்குக் கிடைத்தது டிரஸ்ட் டாக்டர் வேலை. அதே வார்டு, அதே இரவுப் பணி, அதே கார்டியாக் அரெஸ்ட் பிளீப், நோயாளியின் இதயம் நின்றால் நம்மை அழைக்கும் பேஜர். பயிற்சிக் கணக்கில் மட்டும் சேராது. இரண்டு வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். நோயாளிகளுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கு ஒவ்வொரு செவ்வாயும் மதிய வகுப்புக்குப் பயிற்சி டாக்டர்கள் எழுந்து போகும்போது தெரியும். அவர்களுடைய பிளீப்பையும் நான்தான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

வழக்குப் போட்டது பாப்பியோ, இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கம். அப்போது டாக்டர் ரமேஷ் மேத்தா தலைமை. நாங்கள் ஊர் ஊராகப் பணம் சேர்த்தோம். என் பங்கு பெரிதில்லை, ஆனால் அந்த மாதம் அப்பாவுக்கு அனுப்புவதை அவரிடம் சொல்லிவிட்டு இதற்குக் கொடுத்தேன். 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் தோற்றோம். அதே வருடம் எம்டாஸ் என்ற கணினி விண்ணப்ப முறை வந்து, இந்த நாட்டு டாக்டர்களே தெருவில் இறங்கினார்கள். விண்ணப்பித்தவர்களின் சொந்த விவரங்கள் வெளியே தெரியும் நிலை வந்தபின் மே மாதம் அதைக் கைவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு நேர்முகமும் வரவில்லை.

நவம்பர் 9 அன்று, தீபாவளியை ஒட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குறிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்காரம்மாவுக்கு போன் செய்தேன். நான் ஈஸ்ட்ஹாமை விட்டுப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "நான் முருகனுக்கு நேர்ந்து வச்சிருந்தனான்" என்றார். அரசு விடவில்லை, பிரபுக்கள் சபைக்குப் போனது. அப்போது உச்ச நீதிமன்றம் இன்னும் வரவில்லை, அந்தச் சபையின் நீதிபதிகள்தான் கடைசிப் படி.

அந்த இடைவெளியில்தான் 2008-க்கான சேர்க்கை நடந்தது. விண்ணப்பித்தேன், நேர்முகம் வந்தது, இடமும் கிடைத்தது. ஆனால் கையில் ஆஃபர் கடிதம் இருந்தும் நான் யாருக்கும் சொல்லவில்லை. தீர்ப்பு எதிராக வந்தால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம். விசா முடியவும் சில வாரங்களே இருந்தன. ஏற்கெனவே எச்எஸ்எம்பியில் இருந்தவர்கள்மேல் பின்னால் வந்த கடுமையான நீட்டிப்பு விதிகளைத் திணித்தது தவறு என்று ஏப்ரல் 8 அன்று வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்து கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஏப்ரல் 30, புதன்கிழமை. வார்டு ரவுண்டின் நடுவில் நண்பன் மெசேஜ் அனுப்பினான். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் எங்கள் பக்கம். தீர்ப்பைப் பிறகு வரி வரியாகப் படித்தேன். குடியேற்ற விதிகள் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுபவை. அவற்றை நம்பி வந்தவர்களின் காலடி நிலத்தை வேறொரு அமைச்சர் ஒரு குறிப்பால் உருவ முடியாது என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. ஊர் திரும்பிய ஆந்திராக்காரருக்கு அன்று இரவு போன் செய்தேன். சந்தோஷமாகப் பேசினார். அவர் திரும்பி வரவில்லை. பெர்மிட் ஃப்ரீயை நம்பி வந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் எதுவும் கிடைக்கவில்லை. எச்எஸ்எம்பி இருந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்த எங்களில் ஒரு ஃபாரம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் அவ்வளவு தூரம் விழுந்துவிட்டது.

அதனால்தான் இப்போது என்னிடம் கேட்பவர்களுக்குத் தேர்வுப் பணம் கட்டுமுன் ஒன்று சொல்கிறேன். அரசின் விதியை அதன் மூல வாசகத்திலேயே படியுங்கள், நீங்கள் சேரப் போகும் பயிற்சி எத்தனை வருடம், விசா எத்தனை வருடம் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து 'முடியாது' என்று சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். நான் 2006-இல் போனிலேயே கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன்.

விசா நீட்டிப்பு அந்தக் கோடையில் வந்தது. 2008 ஆகஸ்ட் 6, புதன்கிழமை காலை, புது மருத்துவமனையில் பணியாளர் பிரிவுக்குப் போனேன். பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டி விசாவில் விரல் வைத்துத் தேதியைப் பார்த்தார், நகல் எடுத்தார், திருப்பித் தந்தார். கூடவே ரோட்டா என்ற பணி அட்டவணையையும் ஒரு பிளீப்பையும் நீட்டினார். ரோட்டாவில் செவ்வாய் மதியம் 'வகுப்பு' என்று போட்டிருந்தது.