முதலில் எந்த ஷாட்டைப் பழகுவது?

கிரிக்கெட் மட்டை பிடிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே கவர் டிரைவ் (முன்காலை எடுத்துவைத்து, நேர் மட்டையால் பந்தை ஆஃப் பக்கம் விரட்டும் ஷாட்) சொல்லிக் கொடுக்கும் வழக்கம் கோலாலம்பூரில் மாற வேண்டும் என்பது என் கருத்து. பார்ப்பதற்கு அதைவிட அழகான ஷாட் இல்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பந்து காலடிக்கு அருகில் முழு நீளத்தில் விழுந்தால்தான் அதை ஆட முடியும். பத்து வயதுப் பிள்ளைகள் வீசும் பந்துகளில் பெரும்பாலானவை பாதியில் குத்தி எழும், அல்லது ஆஃப் பக்கத்துக்கு எதிரான லெக் பக்கம், அதாவது ஆடுபவரின் கால்பக்கம் போகும். அதற்கு மேல், இங்கே நம் பிள்ளைகள் பழகும் இடங்களில் பல, சிமெண்டுத் தளத்தின்மேல் செயற்கை விரிப்பு போட்டவை. அந்த விரிப்பில் விழும் பந்து புல் ஆடுகளத்தைவிட உயரமாக எழும்பி, சிறுவனின் இடுப்புக்கும் சில வேளைகளில் மார்புக்கும் வரும். எனவே எந்த ஷாட் முதலில் என்பதைத் தொலைக்காட்சி அல்ல, நாம் ஆடும் தளமும் நமக்கு வரும் பந்தும்தான் தீர்மானிக்க வேண்டும்.

முன்காலிலும் பின்காலிலும் தடுத்தாடுவதே தொடக்கம். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பின்காலில் தடுப்பதற்குப் பெரும்பாலான பயிற்சிகளில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இதற்கு வலைப்பயிற்சிகூடத் தேவையில்லை. பழைய காலுறைக்குள் ஒரு பந்தைப் போட்டு, வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் இடத்தின் உத்தரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டால் போதும். மட்டை நேராக வந்திருந்தால் பந்து நேரே போய் நேரே திரும்பும். குறுக்கே வந்திருந்தால் வட்டமடித்துக்கொண்டு வரும். பிள்ளையைத் திருத்த அருகில் யாரும் நிற்க வேண்டியதில்லை. முழங்கால் உயரத்தில் சில நாள், பிறகு கயிற்றைச் சுருக்கி இடுப்பு உயரத்தில் சில நாள் என்று மாற்றிக் கட்டினால், விரிப்பில் எழும்பும் பந்துக்குக் கை தானாகப் பழகிவிடும். மாலை மழை ஆட்டத்தைக் கெடுக்கும் நாள்களில் எங்கள் தாமானில் இதுதான் கிரிக்கெட்.

தடுப்பு அமைந்தபின் நான் சொல்வது, எழும்பி வரும் பந்தை மட்டையைக் கிடையாக வீசிக் கால்பக்கம் அடிக்கும் புல் (pull) ஷாட். பல பயிற்றுநர்கள் இதை ஏற்க மாட்டார்கள். கிடைமட்டமாக வீசும் ஷாட் ஆபத்தானது என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. விதிப்படி மட்டையின் அகலம் 4.25 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நேராகப் பிடித்த மட்டையில், பந்து எழும்பும் உயரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் அதன் நீளம் காப்பாற்றும். கிடையாக வீசும்போதோ அந்த 4.25 அங்குலத்துக்குள்தான் பந்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் செயற்கை விரிப்பில் பந்து உயரமாக எழும்பினாலும் பெரும்பாலும் ஒரே சீராக எழும்பும். கணிப்பு தவறும் வாய்ப்பு குறைவு என்பதால்தான் இங்கே அந்த ஷாட்டை முன்கூட்டியே பழக்கலாம் என்கிறேன். அதோடு கால்பக்கம் வரும் பந்தைத் திருப்பிவிட்டு ஓர் ஓட்டம் ஓடவும் பழகினால், சிறுவர் ஆட்டத்துக்கு வேண்டிய ஓட்டங்கள் வந்துவிடும். முழங்காலை மடித்து, தாழ்வாக வரும் பந்தைக் கிடைமட்டையால் கால்பக்கம் அடிக்கும் ஸ்வீப் பிறகு வரட்டும். எழும்பும் விரிப்பில் அது விளிம்பில் பட்டு மேலே கிளம்பும்.

கவர் டிரைவ் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு 2004 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட் ஆட்டம் இருக்கிறது. ஆஃப் ஸ்டம்புக்கு (ஆஃப் பக்கக் குச்சிக்கு) வெளியே போகும் பந்தில் தொடர்ந்து ஆட்டமிழந்துவந்த சச்சின் டெண்டுல்கர், அன்று அந்த ஷாட்டையே ஒதுக்கிவைத்துவிட்டு 436 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 241 ஓட்டங்கள் எடுத்தார். எல்லா ஷாட்டும் கைவசம் உள்ளவரே ஒன்றை விட்டுவிட்டு ஆட முடிந்தது என்றால், ஒரு சிறுவன் அதை ஓராண்டு தள்ளிப் பழகுவதில் நட்டமில்லை.

பெற்றோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வளர்ந்தபின்னும் உதவுமே என்று பெரிய மட்டையை வாங்கிக் கொடுத்தால் புல் ஷாட் வராது. கை பந்துக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். கடையிலேயே பிள்ளையை மேல் கையால் (கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடிக்கும் கையால்) மட்டும் மட்டையைப் பிடித்து முன்னே நீட்டச் சொல்லுங்கள். சில நொடிகளுக்குள் மட்டையின் நுனி தாழ்ந்தால், அதைவிடச் சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.