கிழட்டுச் செம்பனையை வெட்டுவதா, மாட்டை விற்பதா

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம் எஸ்டேட்டை விட்டு வெளியே வந்து நாலஞ்சு ஏக்கர் வாங்கிப் போட்ட குடும்பங்களில் அடிக்கடி ஓடும் பேச்சு இதுதான்: செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரம் கிழடாகிவிட்டது, வெட்டி மறுநடவு செய்வதா, இன்னும் கொஞ்ச நாள் இழுப்பதா. எங்கள் மாமாவுக்கு ஐந்து ஏக்கர், மரங்களுக்கு 25 வயது தாண்டிவிட்டது. அவ்வளவு உயரத்துக்குக் கம்பை நீட்டிக் குலை அறுக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் அவன் சொல்வதுதான் கூலி.

பேப்பரில் கணக்குப் போட்டால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் விலை ஏறினால் யாருக்கு வெட்ட மனசு வரும்? 2022 தொடக்கத்தில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தொட்டபோது கிழட்டு மரத்துக் குலைகூடத் தங்கமாகத் தெரிந்தது. அதே வருஷம் செப்டம்பருக்குள் 4,000க்குக் கீழே சரிந்தது. ஆலையில் 100 கிலோ குலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய்தான், அதனால் அங்கே விழுகிற விலை அப்படியே நம் தலையிலும் விழும். உரக்காரன் மட்டும் விலையைக் குறைக்க அவசரப்படவில்லை. ஏறினால் மனசில்லை, இறங்கினால் காசில்லை, இப்படியே வருஷம் ஓடிவிடுகிறது.

உண்மையில் பயம் விலையைப் பற்றியது இல்லை, நட்ட பிறகு வருகிற கிட்டத்தட்ட மூன்று வருஷத்தைப் பற்றியது. இப்போது பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை லோரியில் ஏறுகிறது, காசு வருகிறது. வெட்டிவிட்டால் அது சுத்தமாக நின்றுவிடும், உரத்துக்கும் புல் வெட்டவும் மட்டும் காசு போய்க்கொண்டே இருக்கும். பெரிய கம்பெனி வருஷத்துக்கு ஒரு பகுதியாக வெட்டிச் சமாளித்துக்கொள்ளும், ஐந்து ஏக்கர்காரனுக்கு அந்த வசதி எங்கே?

"அதான் மாடு இருக்கே" என்பார்கள். இருக்கிறது, கெடா-கிளந்தான் என்ற உள்ளூர் இனத்தில் ஆறு மாடு. சின்ன உருவம், வெயில் தாங்கும், பெரிய கவனிப்பு கேட்காது. வளர்ந்த செம்பனைக்குள் விட்டால் புல்லை மேய்ந்துவிடும். 2020-இல் பாராகுவாட் என்ற களை மருந்தைத் தடை செய்த பிறகு களைக்கொல்லிச் செலவு பற்றி மாமா புலம்பாத நாளில்லை, அதனால் இது சின்ன லாபமில்லை. ஆனால் கன்றுச் செம்பனைக்குள் மாட்டை விட முடியாது, குருத்து மட்டையைத் தின்றுவிடும். ஆக, மாட்டுக் காசு ரொம்பத் தேவைப்படும் அந்த வருஷங்களில்தான் மேய்ச்சலும் போகிறது. கட்டிப்போட்டு வெட்டுப்புல்லும் செம்பனைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்தால் லாபம் புண்ணாக்குக்காரனுக்குத்தான்.

நாட்டில் மாட்டிறைச்சித் தேவையில் கால்வாசிகூட உள்ளூரில் வருவதில்லை, அப்படியென்றால் நல்ல விலை கிடைக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் இந்தியாவிலிருந்து உறைய வைத்த எருமை இறைச்சி மலிவாக வந்து இறங்குகிறது, அதோடு போட்டி போட முடியாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் உயிரோடு விற்றால்தான் மாட்டுக்கு மதிப்பு. (காளைக் கன்று எங்கே போகிறது என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. வியாபாரி வருவார், அத்தை உள்ளே போய்விடுவார்.) செம்பனை மாதச் சம்பளம் மாதிரி என்றால் மாடு சீட்டுப் பணம் மாதிரி, மகள் கல்யாணத்துக்கு உதவும், மாத மளிகைக்கு உதவாது.

என் கருத்தைக் கேட்டால், முழுசாக வெட்ட வேண்டாம். முதலில் இரண்டரை ஏக்கர் வெட்டி நட்டு, வரிசைக்கு நடுவில் வாழை போட்டுவிட்டு, மீதியில் கிழட்டு மரத்தையும் மாட்டையும் வைத்துக்கொள்ளலாம். மண்வாரி இயந்திரத்தை இரண்டு தடவை கூப்பிட வேண்டும், செலவு கூடும், பரவாயில்லை. அந்தக் கூடுதல் செலவு, வீட்டுக்குக் காசு வருவது நின்றுவிடாமல் இருக்கக் கொடுக்கிற விலை. அடித்தண்டை அழுகவைக்கிற கானோடெர்மா காளான் தெரிகிற பக்கத்தை முதலில் வெட்டணும், அதில் பேரம் இல்லை.

மாமா பாதி சம்மதித்துவிட்டார். இப்போது சிக்கல், கன்றுப் பக்கம் மாடு போகாமல் தடுக்கிற வேலியில் நிற்கிறது: முள்கம்பியா, மின்வேலியா? மின்வேலி போட்டவர்கள் யாராவது இருந்தால் ஏக்கருக்கு எவ்வளவு ஆனது, மழைக்காலத்தில் எப்படித் தாங்குகிறது என்று சொல்லுங்கள்.