பாலைவனத்தில் நிற்கும் விமானத்துக்கும் வாராவாரம் வேலை உண்டு

ஓய்வு கொடுத்த பெரிய விமானங்கள் வால் வாலாக வரிசையில் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் 'விமானக் கல்லறை' என்கிறார்கள். அந்தத் திடலில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல் ஒட்டாது. ஸ்பெயினின் தெருவேலிலோ, கலிஃபோர்னியாவின் விக்டர்வில்லிலோ, ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலோ வந்து இறங்கும் பல விமானங்களுக்கு அன்றைக்கு எந்த முடிவும் ஆகியிருக்காது. மறுபடி பயணிகளை ஏற்றலாம், சரக்கு விமானமாக மாறலாம், பாகம் பாகமாகக் கழற்றப்படலாம். உரிமையாளர் முடிவு சொல்லும்வரை மூன்று வழியையும் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை.

முடிவு எப்படி வேண்டுமானாலும் திரும்பும். 2007 அக்டோபர் 25-ல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரண்டடுக்கு ஏர்பஸ் ஏ380 விமானம், பத்தே ஆண்டில் குத்தகை முடிந்து பிரான்சின் தார்ப் நிலையத்துக்குப் போனது. அடுத்து எடுக்க ஆள் இல்லை, பிரித்தார்கள். 2020-ல் நிறுத்திய ஏ380-களில் பலவோ, இனி எழாது என்று பலரும் கைவிட்ட பிறகு, புது விமானங்கள் வரத் தாமதமானதால் 2022-க்குப் பின் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவை திரும்ப முடிந்ததற்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் யாரோ விடாமல் செய்த சின்னச் சின்ன வேலைகள்தான் காரணம்.

முதல் பகை ஈரம். வறண்ட இடமாகத் தேடிப் போவது அதற்காகத்தான். ஆனால் வறண்ட இடத்திலும் இரவில் உலோகம் குளிர்ந்து உள்ளே வியர்க்கும். அதனால் என்ஜினில் காப்பு எண்ணெய் ஏற்றி, முன்வாயிலும் பின்வாயிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, கனமான பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் மூடுவார்கள். உறையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் மாதிரி இடம் விட்டு, அதற்குள் ஈரப்பத அட்டை ஒன்று தெரியும்படி இருக்கும். அட்டையில் 30, 40, 50 என்று வட்டங்கள். உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. 40-வது வட்டம் வெளுக்கத் தொடங்கிவிட்டால் உறையைப் பிரித்துப் பைகளை மாற்றியாக வேண்டும். வைத்த பைகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டுவது அவசியம். ஒரே ஒரு பையை உள்ளே மறந்து என்ஜினை ஓட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எரிபொருள் தொட்டி இன்னும் நுட்பமான விஷயம். தொட்டியை முழுதும் காலி செய்வதில்லை. காற்றில் விமானம் ஆடாமல் இருக்கக் கொஞ்சம் எடை வேண்டும். அந்த எரிபொருளுக்கு அடியில் தண்ணீர் தங்கினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளரும். பழுப்பு நிறச் சளி போலப் படர்ந்து வடிகட்டியை அடைக்கும், அளவு காட்டும் உணரியைப் பொய் சொல்ல வைக்கும். அது கக்கும் அமிலம் இறக்கையின் அடித்தகட்டில் குழி போடும். தொட்டியின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பதும், பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சரியான அளவில் கலப்பதும் தவறவே கூடாத வேலைகள்.

மற்றவை பராமரிப்புக் கையேட்டின் 7 நாள், 14 நாள், 30 நாள் கணக்கில் வரும். சக்கரத்தை ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு உருட்ட வேண்டும். உருட்டாவிட்டால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகிவிடும். போயிங் 747-க்கு 18 டயர், ஏ380-க்கு 22. லேண்டிங் கியரின் பளபளப்பான உருளைக்குக் கிரீஸ் பூசிச் சுற்ற வேண்டும். ஹைட்ராலிக் பம்பை ஓட்டிச் சுக்கானையும் இறக்கை மடல்களையும் அசைக்க வேண்டும். அசையாத சீல் காய்ந்து சுருங்கி, பிறகு அழுத்தம் ஏறியதும் ஒழுகும். வேகம் அளக்கும் பிடோட் குழாய்க்கு உறை போடாமல் ஓர் இரவு விட்டாலும் ஆபத்து. குளவி மண்ணை அடைத்துவிடும். சேமிப்பிலிருந்து எழுந்த விமானங்களில் வேகக் காட்டி தவறாகக் காட்டுவதாக 2020-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பே எச்சரித்தது. விக்டர்வில்லில் பாம்புகளும் சேர்ந்துகொண்டன. சூடான டயரோரம் சுருண்டு கிடப்பதால், துடைப்பக்கட்டையால் சக்கரத்தைத் தட்டிவிட்டுத்தான் குனிவார்கள்.

பிரிப்பது என்று முடிவானால் முதலில் இறங்குவது என்ஜின். மிச்ச விமானம் முழுவதையும்விட அதற்குத்தான் மதிப்பு அதிகம். இறக்கையில் தொங்கும் என்ஜின்கள் முன்பக்க எடை. கழற்றியதும் பாரம் பின்னால் சாய்ந்து, விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க என்ஜின் தொங்கிய பைலான் என்ற தாங்கியில் கான்கிரீட் பாளங்களைத் தொங்கவிடுவார்கள். பிறகு துணை என்ஜின், லேண்டிங் கியர், கணினிப் பெட்டிகள். கூட்டை வெட்டும் இயந்திரக் கத்தரி வருவதற்கு முன் தீயணைப்புக் குடுவைகளின் வெடிதிரி, சறுக்குப் படகின் வாயுக் குடுவை, ஆக்சிஜன் சிலிண்டர், நிக்கல்-காட்மியம் பேட்டரி எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். ஆரம்பகால 747-கள் சிலவற்றின் வாலில் எதிரெடைக்காகச் செறிவு குறைந்த யுரேனியம் இருந்தது. பழைய விமானமென்றால் அதையும் தேடிப் பார்த்தாக வேண்டும்.

இத்தனை கவனமாகக் கழற்றிய பாகம் விற்குமா என்பதைத் தீர்மானிப்பது காகிதம். என்ஜினுக்குள் சுழலும் வட்டுகளுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று கழியும். தயாரித்த நாளிலிருந்து இன்றுவரை எந்த விமானத்தில் எத்தனை முறை என்ற தொடர் அறுந்தால், புத்தம் புதிதாக மின்னும் வட்டும் பழைய இரும்புக் கணக்கில்தான் போகும். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2023-ல் போலிச் சான்றிதழோடு என்ஜின் பாகங்கள் பல நாடுகளின் விமானங்களில் ஏறியிருந்தது தெரிந்தபோது, நல்ல பாகங்களையும் திறந்து சரிபார்க்க நேர்ந்தது. விமானம் வரும் நாளிலேயே அதன் லாக் புத்தகங்களை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது, ஈர அட்டையைப் பார்ப்பதற்குக் குறையாத வேலை.

கடைசியில் வெறும் கூடு. செம்பு கலந்த 2024 வகை அலுமினியத்தையும் துத்தநாகம் கலந்த 7075 வகையையும் சேர்த்து உருக்கினால் வார்ப்புக்கு மட்டுமே உதவும் மட்டமான கலவை கிடைக்கும். தனித்தனியாக வெட்டினால்தான் நல்ல விலை. அந்தக் கணக்கும் பழைய விமானங்களுக்குத்தான். எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் இழையாலான போயிங் 787-கள் பெருவாரியாக வந்து நிற்கும் நாளில், வெட்டும்போது பறக்கும் தூசியிலிருந்து தொழிலாளியின் மூச்சைக் காப்பதிலிருந்தே வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.