கடன்பட்டவர்களின் அந்தோனியார்: ஜாலான் ராபர்ட்சன் கோயிலுக்கு ஒரு செவ்வாய்

செவ்வாய்க்கிழமை அந்தோனியாரைத் தேடிப் போகும் தமிழர்களுக்குக் கோலாலம்பூரில் வழி ஜாலான் ராபர்ட்சனுக்குத்தான். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே எழும்பி நூற்றாண்டைக் கடந்துவிட்ட கோயில் அது. எல்ஆர்டியோ மோனோரயிலோ, ஹாங் துவா நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வேலை விடும் நேரத்தில் அந்த வட்டாரத்தில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்தால் திருப்பலியில் பாதி போய்விடும். ஜூன் 13 திருநாளை ஒட்டி நவநாள் (ஒன்பது நாள் செபம்), பவனி நேரங்கள் மாறும்; பங்கின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏன் செவ்வாய்? இத்தாலியின் பதுவை (Padua) நகரின் வாசலில் இருந்த ஆர்செல்லாவில் அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளி. உடல் யாருக்கு என்ற சண்டை ஓய்ந்து, அடக்கம் நடந்தது 17-ஆம் தேதி செவ்வாய். அதிலிருந்து வந்ததுதான், பதின்மூன்று செவ்வாய்கள் தொடர்ந்து அவரிடம் செபிக்கும் பக்தி. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பொருத்தனை பலிக்காது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. திருச்சபை அப்படி ஒரு விதி வைக்கவில்லை. அடுத்த வாரம் தொடருங்கள்.

சுரூபத்தின் (சிலையின்) முன் நிற்கும்போது எல்லார் கண்ணும் குழந்தை இயேசுவிடமும் லீலி மலரிடமும் போகும். பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டும் இடுப்புக் கயிற்றையும் பாருங்கள். துறவியின் மூன்று வாக்குறுதிகளுக்கு மூன்று முடிச்சுகள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். லிஸ்பனில் வசதியான வீட்டில் பெர்னாண்டோ என்ற பெயரோடு பிறந்து, அகுஸ்தினார் துறவியாகக் கொயிம்பிராவில் படித்துக்கொண்டிருந்தவர் அவர். மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1220-இல் அவரும் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறைசாட்சியாகச் சாக மொராக்கோ போனவரை நோய் படுக்கவைத்தது. திரும்பும் கப்பலைக் காற்று சிசிலிக்குத் தள்ளியது. பிறகு இத்தாலியில் மொந்தே பவுலோ மலைக் குகையில் ரொட்டியும் தண்ணீருமாகத் தவம். மணியடித்து எழுந்தால் கால் தள்ளாடும், சகோதரர்கள் தாங்கிப் பிடிப்பார்கள் என்று அவர் இறந்த சூட்டோடு எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது.

இந்தத் தவத்தை அப்படியே பின்பற்ற யாரும் முயல வேண்டாம். உடலில் நீர் கோத்து வீங்கும் நோயால் அவதிப்பட்டு, சுமார் 36 வயதிலேயே இறந்தவர் அவர். பிரான்சிஸ்கன் சபையை நிறுவிய அசிசி பிரான்சிசே கடைசிக் காலத்தில், படுத்திய பாட்டுக்காகத் தம் உடலிடம் மன்னிப்புக் கேட்டார். திருச்சபை கேட்கும் ஒறுத்தல் மிதமானது: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை ஒரு வேளை முழுச் சாப்பாடு, இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருந்தால் போதும். தண்ணீரும் மருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் நாள் முழுக்க வெறும் வயிற்றில் இருந்து கோயிலில் மயங்கி விழுவது தவம் ஆகாது.

காணாமல் போன பொருளுக்காக அவரைக் கூப்பிடுகிறோம். ஆனால் அவர் வாழ்க்கையின் கடைசி மாதங்களில் பதுவையின் சட்டத்தையே மாற்றியது கடன் விவகாரம். கடனைக் கட்ட முடியாதவர்கள் அங்கே சிறையில் கிடந்தார்கள். 1231 மார்ச்சில், அந்தோனியாரின் வேண்டுகோளை வெளிப்படையாகக் குறிப்பிட்டே நகர ஆட்சி சட்டம் போட்டது: கையிலிருக்கும் சொத்தை ஒப்படைத்தவரைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக்கூடாது. ஜாமீன் நின்றவருக்கும் அதே பாதுகாப்பு. ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக் கும்பல் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிய வீடுகளைப் பார்த்திருக்கும் நமக்கு, உறவுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுச் சிக்கியவர்கள் இல்லாத குடும்பமே அரிதான நமக்கு, இதைவிட நெருக்கமான புனிதர் யார்? கடன் தொல்லையை அவர் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

அதே 1231 தவக்காலத்தில் தினமும் பிரசங்கம் செய்தார். சூரியன் மறையும்வரை சாப்பிடாமல், மக்கள் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஆகவே அவரிடம் போகிறவர்கள் பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிடக் கூடாது. திருப்பலி தொடங்கும் நேரத்தில் வரிசையில் நின்றால் அவசரமாகத்தான் முடியும்; முன்னதாகவே போங்கள். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று தொடங்கி, கனமான பாவங்களை வகையும் எத்தனை முறை என்பதும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமியாரின் பாவமும் கணவரின் பாவமும் அங்கே வேண்டாம். குரு கொடுக்கும் பரிகாரச் செபத்தை அன்றே, கோயிலை விட்டு இறங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

இனி காணிக்கை. மெழுகுவர்த்தியும் மாலையும் தவறில்லை, ஆனால் அந்தோனியாருக்கு உரிய காணிக்கை ஏழைக்கான அப்பம். தண்ணீரில் மூழ்கி இறந்த 20 மாதக் குழந்தை தொம்மாசீனோவின் தாய், பிள்ளை பிழைத்தால் அவன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டாள், பிள்ளை எழுந்தான் என்பது பதுவை மரபு. அதை இங்கே செய்வது எளிது. பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். 10 கிலோ என்றால் கடையில் விற்கும் 5 கிலோ அரிசிப் பை இரண்டு. ரொட்டியாகக் கொடுப்பதென்றால் உள்ளே கறி, தேங்காய் வைத்த பன் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் மாலைக்குள் கெட்டுவிடும். அன்றைக்கு வாங்கிய, உறை பிரிக்காத வெறும் ரொட்டியே சரி. சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு வராமல், பங்கு அலுவலகத்தில் கேட்டு, பகிர்ந்தளிப்பவர் கையில் சேருங்கள்.

அரிசி அதிகம் இருந்தால் செராஸில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சபையை நிறுவிய புனித ழான் ஜுகான் 1839-இல் பார்வையிழந்த ஒரு கிழவிக்குத் தம் கட்டிலைக் கொடுத்துத் தொடங்கினார். கூடையோடு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிறகு பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு, நிறுவியவர் யார் என்றே இளம் சகோதரிகளுக்குத் தெரியாமல் 1879-இல் இறந்தார். 2009-இல்தான் புனிதர் பட்டம். இன்றும் அவர்கள் தானத்தை நம்பியே வாழ்கிறார்கள். போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: அந்த வாரம் தேவை அரிசியா, பால்மாவா, பெரியவர்களுக்கான டயாப்பரா என்று அவர்களே சொல்வார்கள். கிறிஸ்மஸுக்கு எல்லாரும் கொண்டுபோய்க் குவிப்பார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் போங்கள்.