எல்கேஜி சேர்க்கப் போனால் ஆறாப்பு பற்றித்தான் பேச்சு

மகளுக்கு மூன்றரை வயது. பள்ளிக்கூடம் தேட ஆரம்பித்ததும் எங்கள் மதினி கேட்ட முதல் கேள்வியே, "அதெல்லாம் சரி, அஞ்சாப்பு முடிச்சதும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பே?" என்பதுதான். பிள்ளைக்குச் செருப்பை வலது இடது மாறாமல் போடவே இன்னும் வரவில்லை.

கேள்விக்குக் காரணம் இருந்தது. நான் மனதில் வைத்திருந்தது இரண்டு தெரு தள்ளியிருக்கும் நர்சரி பிரைமரி பள்ளி. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். வீட்டுக்காரருக்கோ பைபாஸ் பக்கம் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளி. "பன்னிரண்டு வரைக்கும் கவலை இல்லை" என்பது அவர் வாதம். விருதுநகர் வெயிலில் அந்தச் சின்ன உருவம் வேனில் முக்கால் மணி நேரம் போய், முக்கால் மணி நேரம் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

அவர் ஆசைக்காக அங்கேயும் போனோம். குழந்தையை உள்ளே கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் "கிளிமூக்கு" என்றாள். டீச்சர் எங்களைப் பார்த்தார். மாங்காய் மேல்புறம் பச்சையாக, நுனி வளைந்து இருந்தது. என்னைக் கேட்டால் அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அங்கே எதிர்பார்த்தது 'மேங்கோ'. பிறகு எங்கள் படிப்பு, வேலை, வீட்டில் ஆங்கிலம் பேசுவோமா என்று விசாரணை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பள்ளியில் சேர்க்கக் குழந்தையையோ பெற்றோரையோ இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்கிறது. நன்கொடையும் கூடாது என்கிறது. அங்கே நன்கொடை என்று கேட்கவில்லை, 'பில்டிங் ஃபண்ட்' என்றார்கள்.

சிபிஎஸ்இ வேண்டாம், மெட்ரிக்காவது பாரேன் என்றார் மதினி. மெட்ரிக் என்ற பெயர்தான் தனி. சமச்சீர் கல்வி வந்த பிறகு அங்கேயும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம். இதைச் சொன்னால் நம் சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை.

அடுத்த வீட்டு அக்கா தன் பையனை, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் ஒரு பிரைமரி பள்ளியில் சேர்த்திருக்கிறார். வருமான அடிப்படையில் விண்ணப்பிக்க, ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அது தாண்டிவிடும். சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. ஆனால் பள்ளியே ஐந்தோடு முடிவதால் ஆறாம் வகுப்புக்கு அவர் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அரசுப் பள்ளி. விண்ணப்பிக்கும்போது இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒதுக்கீட்டுக்குப் போகிறவர்கள் எட்டு வரை உள்ள பள்ளியாகப் பார்த்துப் போடுங்கள்.

அவரிடம் பேசியபோதுதான் எனக்கு ஆறாம் வகுப்பின் கணக்கு தெளிவானது. 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மறு வருஷம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கும் அதே ஆறாம் வகுப்புதான் தொடக்கம். அதாவது ஐந்து வரை எங்கே படித்தாலும் இந்தச் சலுகை எதுவும் கைவிட்டுப் போகாது. "பன்னிரண்டு வரை ஒரே பள்ளி" என்று பெருமையாகச் சொல்வதை இப்படியும் யோசித்துப் பார்க்கலாம். வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள ரூலை மாத்திருவாங்க" என்றார். மாற்றலாம்தான்.

பக்கத்துத் தெருப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டோம். அங்கே கரஸ்பாண்டன்ட், "எங்க பிள்ளைகளை இன்ன மெட்ரிக்கில் அப்படியே எடுத்துக்குவாங்க" என்று ஒரு பெரிய பள்ளியின் பெயரைச் சொன்னார். எழுத்தில் தருவீர்களா என்றதும் சிரித்தார். நான் அதற்குப் பதில், போன வருஷம் ஐந்து முடித்த பிள்ளைகள் எங்கெங்கே போனார்கள் என்று கேட்டேன். ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல் அரசு உதவிபெறும் பள்ளிகள். அந்த ஒரு பக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியின் அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்; அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், பல பள்ளிகளில் அது இழுபறியில் இருக்கும். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் அரசுக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்தது என்றும் கேளுங்கள். ஆஃபீஸில் சொல்லும் தொகையும் அதுவும் ஒன்றாக இருக்காது, வேன், புத்தகம், சீருடை என்று பிரித்துச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஃபார்ம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். இப்போது எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளத்தில், ஏறுகிற எழுத்துதான் ஆறாப்புக்குப் போகும்போது டிசியிலும் வரும். என் மகளுக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், பிறப்புச் சான்றிதழில் பின்னால். அதைச் சரிசெய்ய இ-சேவை மையத்தில் டோக்கன் போட்டிருக்கிறேன்.