புகைக்குக் காவல்

டெக்சாஸுக்கு வந்த முதல் ஆண்டு நவம்பரில், உடன் வேலை செய்யும் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் இறைச்சிக்குப் புகை போடுவதைக் காண என்னை அழைத்திருந்தார். அன்றிரவு நான் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்த மனைவி, ஒரு கணம் நின்று மோந்து பார்த்துவிட்டு, "மாமா சட்டையப்போலல்லா மணக்குது" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் விளையை (தோட்டத்தை) ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் வேட்டியிலும் தலையணையிலும் என் பள்ளிக்கூடப் பையிலும் ஏறிக் கிடந்தது அது. ஏழாம் வகுப்பில் என் அருகில் இருந்த பையன் அதைச் சொல்லித்தான் வேறு பெஞ்சுக்கு மாறினான். அன்று என்னைக் குனிய வைத்த அதே வாடை ஏறிய சட்டையை இங்கே நான் இரண்டு நாள் துவைக்கப் போடாமல் வைத்திருந்தேன்.

எங்கள் புகைப்புரை மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட சின்ன அறை. விடியுமுன் ரப்பர் மரப்பட்டையை வெட்டிச் சிரட்டையில் வடிந்த பாலை அரித்து, நீர் விட்டு, பார்மிக் அமிலம் கலந்து தட்டுகளில் உறைய வைத்து, மறுநாள் உருளை இயந்திரத்தில் அழுத்தி 'ஷீட்டு' என்னும் தகடாக்கி, நீர் வடிந்ததும் அந்த அறைக்குள் கம்புகளில் தொங்கவிடுவார்கள். பிறகு நான்கு நாள் புகை. சூடு 40 டிகிரிக்குக் கீழே போனால் ஷீட்டு காயாமல் பூசணம் பிடிக்கும். 60-ஐத் தாண்டினால் கொப்புளம் விழும். வியாபாரி ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிந்தால் ஒரு விலை, நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் வேறு விலை. அந்த விலை வேறுபாட்டில்தான் எங்கள் பள்ளிக் கட்டணம் இருந்தது. அதனால் அப்பா இரவில் இரண்டு முறை எழும்புவார். தகரக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் நின்று, அடுப்புவாயை மறைக்கும் ஓட்டுத்துண்டை இரண்டு விரல் அளவு நகர்த்துவார். சில நாள் ஈரத் தேங்காய்க் கதம்பை ஒன்றைத் தீயில் போடுவார். எங்கள் வீட்டில் வெப்பமானி என்று ஒன்று இருந்ததே இல்லை.

வந்து இப்போது 9 ஆண்டுகள் ஆகின்றன. சொந்தமாக வீடு வாங்கினோம், கறிவேப்பிலைச் செடி இரண்டு குளிர்காலங்களைத் தாண்டிவிட்டது, இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கொல்லை என்று ஒன்று கிடைத்ததும் நான் முதலில் தேடிப் போய் வாங்கியது ஒரு பழைய இரும்புப் பீப்பாய்.

பீப்பாயின் அடியில் கரிக்கூடை, மேலே கம்பிவலை, அடிப்பக்கத்தில் காற்று நுழைய ஒரு துளை, மூடியில் புகை போக ஒரு துளை, அமைப்பு அவ்வளவுதான். மாட்டின் நெஞ்சுக்கறியை 107 டிகிரி செல்சியஸ் அளவில் 12 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். தசைகளைக் கட்டி முறுக்கிக் கிடக்கும் இணைப்பு நார் மெல்ல மெல்லக் கரைந்து பசையாக இளகுவதற்கு அத்தனை நேரம் பிடிக்கிறது. நடுவில் கறியின் சூடு 70 டிகிரியை ஒட்டிய இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி, வருகிற சூட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இப்படித்தான். முதல் முயற்சியில் நான் இரவு 11 மணிக்குப் படுத்தேன். 3 மணிக்குக் காற்று திசை மாறி வீசியிருக்கிறது. விழித்து வந்து பார்த்தபோது வெப்பமானியின் முள் 165-ல் நின்றது. கறியின் புறம் மரப்பட்டைபோல் காய்ந்திருந்தது. அப்பாவைப்போல் எழும்பாமல் போனேனே என்ற வருத்தம் கறி வீணானதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே கட்டுப்பாட்டுப் பெட்டி செய்ய உட்கார்ந்தேன். கரித்தீயின் சூடு கரியின் அளவைவிட அதற்குக் கிடைக்கும் காற்றைப் பொறுத்தது. ஆகவே காற்றை அளந்து கொடுத்தால் போதும். சூட்டை அறிய கே வகைத் தெர்மோகப்பிள் என்னும் உணரி. வேறுபட்ட இரண்டு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்துச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். இதில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். மாக்ஸ் 6675 என்ற சில்லு அதைக் கால் டிகிரிப் படிகளில் எண்ணாக்கி, நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோவிடம் தருகிறது. ஆர்டுயினோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஒன்றின் வழியாக, காற்றுத்துளையில் பொருத்திய 12 வோல்ட் ஊதுவிசிறியை வேகம் கூட்டிக் குறைக்கிறது. விசிறி நிற்கும்போது மோட்டாரிலிருந்து எகிறும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைத் தாக்காதபடி குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் ஒரு டயோடு. பற்றுவைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இரண்டு மாலைகளில் முடித்தேன்.

ஓட விட்டதும் ஒரு விசித்திரம். விசிறி சுழலத் தொடங்கிய நொடியில் காட்சித்திரையில் சூடு 15 டிகிரி துள்ளி ஏறும். பெட்டி அதை நம்பி விசிறியை நிறுத்தும். நிறுத்தியதும் எண் இறங்கும். உடனே மறுபடி விசிறி. தீயிலோ ஒரு மாற்றமும் இல்லை. மூன்று நாள் நிரலைத்தான் சந்தேகித்தேன். குற்றம் ஒரு கறுப்புக் கம்பியில் இருந்தது. விசிறியின் மின்னோட்டமும் சில்லின் மின்னோட்டமும் ஒரே மெல்லிய தரைக்கம்பி வழியாகத் திரும்பியதால், விசிறி இழுக்கும்போதெல்லாம் அந்தக் கம்பியில் எழும் சிறு மின்னழுத்தம், மைக்ரோவோல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த சில்லைக் குழப்பிவிட்டது. விசிறிக்கு மின்வழங்கியிலிருந்தே தனிக் கம்பி இழுத்து, சில்லின் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்ததும் எண் அசையாமல் நின்றது. அந்த அசையாத எண்ணைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை, பற்றுவைக்கும் ஈயக்கம்பியோடு மல்லுக்கட்டிய எவரும் புரிந்துகொள்வார்கள்.

மிச்சமிருந்தது தீயின் குணம். நிரலில் இருப்பது பிஐடி முறை: இப்போது எவ்வளவு குறைகிறது, இதுவரை எவ்வளவு குறைந்து சேர்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்ற மூன்றையும் கூட்டி விசிறியின் வேகத்தை முடிவுசெய்யும். கரி மூளும் முதல் முக்கால் மணி நேரத்தில் அந்த இரண்டாவது கணக்கு மலையாகக் குவிந்துவிடும். 107 வந்த பிறகும் பழைய பாக்கியைத் தீர்ப்பதுபோல் விசிறி ஊதிக்கொண்டே இருக்கும். சூடு 140-க்குப் போய்விடும். இதை அப்பாவிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இரவு 8 மணி, அங்கே காலை 7.30, பால் எடுத்துவிட்டு வந்து கட்டஞ்சாயாவோடு திண்ணையில் இருந்தார். அவருக்கு ஆர்டுயினோ தெரியாது. ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "மக்களே, ஒருக்க ஊதினா அது பிடிக்கியதுக்கு நேரம் குடுக்கணும். பிடிக்குமுன்னே பின்னயும் ஊதப்பிடாது" என்றார். அன்றிரவே நிரலில் ஒரு வரம்பு வைத்தேன்: குறித்த சூட்டுக்கு 10 டிகிரி நெருங்கும்வரை சேர்மானக் கணக்கு தொடங்காது, கணக்கும் நிமிடத்துக்கு ஒருமுறைதான். விசிறியின் வாயையும் தகட்டால் பாதி மறைத்தேன், அவர் ஓட்டுத்துண்டை வைப்பதுபோல.

அடுத்த சனிக்கிழமை இரவு முழுவதும் சூடு 104-க்கும் 110-க்கும் இடையிலேயே நின்றது. மறுநாள் மதியம் நம் ஊர்க் குடும்பங்கள் மூன்று வந்திருந்தன. யூக்கா என்று இங்கே விற்கும் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்து, அதோடு அந்தக் கறியை வைத்தோம். மார்த்தாண்டத்துக்கார அக்கா ஒருவர் முதல் வாயிலேயே, "அடுக்களைப் பரணில் போட்ட இறைச்சி ருசில்லா" என்று சொல்லிவிட்டு, பிறகு வெகுநேரம் தம் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

நிம்மதியாகத் தூங்கத்தான் பெட்டியைச் செய்தேன். இருந்தும் புகை போடும் இரவுகளில் 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. செருப்புகூடப் போடாமல் கொல்லைக்குப் போய், பீப்பாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டி நிற்கிறேன். திரையில் எண் சரியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அப்பா தாமாகவே அழைத்தார். "ராத்திரி எழும்பினியா?" என்று கேட்டார். எழும்பினேன் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை, பிறகு, "உன் பெட்டி அம்பது டிகிரியில நிக்குமா மக்களே? எனக்கு இப்பம் முட்டு வலி, ராத்திரி படி இறங்க ஒக்கல்ல" என்றார். அவர் என்னிடம் ஒரு பொருள் கேட்டது என் நினைவில் இதுவே முதல் தடவை. இரண்டாவது பெட்டியைத் தொடங்கிவிட்டேன். அங்கே மின்சாரம் போகும் என்பதால் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஓடும்படி செய்கிறேன். தெர்மோகப்பிள் கம்பி திண்ணைவரை எட்ட வேண்டும், எழுத்துகள் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும். இப்போதைக்கு அது எங்கள் அடுக்களை மேசையில் 24-ஐக் காட்டிக்கொண்டு, 50-ஐ எட்டுவதற்காக முழு வேகத்தில் ஊதிக்கொண்டிருக்கிறது.