172 நாள் கணக்கு

வருமானம் குறைந்த ஒரு பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் கணக்குப் புத்தகத்தைவிட அதிகம் புரளுவது நாட்காட்டிதான். அமெரிக்க மேஜர் லீகில் ஒரு சீசன் சுமார் 187 நாள் ஓடும். அதில் 172 நாள் பெரிய அணியின் பட்டியலில் பெயர் இருந்தால் ஆட்டக்காரருக்கு ஓர் ஆண்டு 'சர்வீஸ்' சேரும். ஆறு ஆண்டு சேர்ந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். விரும்பிய அணிக்குப் போகலாம். மில்வாக்கி, கிளீவ்லேண்ட், டாம்பா பே போன்ற ஊர்களில் சம்பளம் ஓர் அறையிலும், ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் டிரேடு ஓர் அறையிலும் பயிற்சி வேறோர் ஊரிலும் நடந்தாலும், எல்லாரும் பார்ப்பது ஒரே வேலைதான்: அந்த ஆறு ஆண்டை எப்படிச் செலவழிப்பது?

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2025 பெரிய ஏலத்தில் எல்லா அணிக்கும் 120 கோடி ரூபாய்தான்; அதைத் தாண்ட வழியில்லை. மேஜர் லீகில் மேல்வரம்பும் இல்லை, கீழ்வரம்பும் இல்லை. 2025இல் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டிய அணி வரி கட்ட வேண்டும், அவ்வளவே. லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் 2024 சீசனுக்குக் கட்டிய வரி மட்டும் சுமார் 10.3 கோடி டாலர். மில்வாக்கி ப்ரூவர்ஸ் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் கொடுக்கும் சம்பளம் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கும். உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தை 30 அணிகளும் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொண்டாலும் இந்த இடைவெளி அடைபடுவதில்லை. டாட்ஜர்ஸின் உள்ளூர் டிவி ஒப்பந்தம் 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர். அத்தனை பணம் ஈட்டித் தர டிவி பார்க்கும் வீடுகளே மில்வாக்கியில் இல்லை.

சம்பளத் தாளை எப்படிப் போடுவார்கள் என்று பார்ப்போம். முதல் மூன்று ஆண்டு சர்வீஸ் வரை ஆட்டக்காரர் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குவார். 2025இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன்: ஒத்த ஆட்டக்காரர்கள் வாங்கியதோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் ஏறும். இரண்டு ஆண்டைக் கடந்து மூன்றை எட்டாதவர்களில் சர்வீஸ் அதிகமுள்ள 22 சதவீதத்தினருக்கு ஓர் ஆண்டு முன்னதாகவே அந்த உரிமை கிடைக்கும். 'சூப்பர் டூ' என்பார்கள். பெரிய அணியின் பட்டியலில் உள்ள 26 பேருக்கும் குறைந்தபட்சச் சம்பளமே கொடுத்தாலும் இரண்டு கோடி டாலருக்குச் சற்றே குறைவாக ஆகிவிடும். புதிதாக வருபவர்கள் தவறு செய்வது இதற்கு அடுத்த வரியில். காயப்பட்டவருக்கும் முழுச் சம்பளம் உண்டு. அவருக்குப் பதிலாக வருபவருக்கும் நாளொன்றுக்குச் சுமார் 4,060 டாலர் போகும். ஒரு சீசனில் ஓர் அணி 26 பேரை வைத்துக்கொண்டு ஆடி முடிப்பதே இல்லை. பதிலாட்களுக்கென்று ஒரு தொகையை ஏப்ரலிலேயே ஒதுக்காதவர் ஜூலையில் டிரேடு பேசக் கையில் காசில்லாமல் நிற்பார்.

ஆர்பிட்ரேஷன் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜனவரியில் அணி ஒரு தொகை சொல்லும், ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார். உடன்பாடு வராவிட்டால் மூன்று நடுவர்கள் இரு தரப்பையும் கேட்டு இரண்டில் ஒன்றைத் தேர்வார்கள். நடுவில் ஒரு தொகை கிடையாது. 2023இல் மில்வாக்கியின் முதன்மை பிட்சர் (பந்து வீசுபவர்) கார்பின் பர்ன்ஸ் கேட்டது 1.075 கோடி டாலர். அணி சொன்னது 1.001 கோடி. வித்தியாசம் 7.4 லட்சம். அணி வென்றது. ஆனால் விசாரணை அறையில் ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்க, அவர் எதிரிலேயே அவருடைய சீசனின் குறைகளை அணி அடுக்க வேண்டும். அதுதான் அந்த முறை. உறவு புண்பட்டது என்று பர்ன்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2021இல் வாங்கியவர் அவர். ஒருவருக்கு விட்டுக்கொடுத்த தொகை நாளை இன்னொரு ஆட்டக்காரரின் ஒப்பீட்டில் வந்து நிற்கும் என்ற அணியின் அச்சம் நியாயமானது. இருந்தாலும் அந்த 7.4 லட்சம் சேமிப்பாகுமா என்றால், ஆகாது என்பதே என் எண்ணம். ஆண்டு முழுக்க அவரிடம் பேச வேண்டியவர் பயிற்சியாளர். கசப்பின் விலையைக் கட்டுபவர் அவர்.

அந்த அறைக்கே போகாமலிருக்க ஒரு வழி உண்டு: விலை ஏறும் முன் நீண்ட ஒப்பந்தம். 2008இல் டாம்பா பே ரேஸ், இவான் லொங்கோரியா மேஜர் லீகுக்கு வந்து ஒரு வாரம் ஆகும் முன்பே ஆறு ஆண்டுக்கு 1.75 கோடி டாலரில் கையெழுத்து வாங்கியது. அதற்கு மேல் நீட்டிக்கும் உரிமையும் அணியின் கையில். ப்ரூவர்ஸ் 2020இல் பிட்சர் ஃபிரெடி பெரால்டாவுக்கு ஐந்து ஆண்டுக்கு 1.55 கோடியும், மேலும் இரண்டு ஆண்டுக்குத் தலா 80 லட்சம் என்ற உரிமையும் எழுதியது. 2025இல் பெரால்டா 17 வெற்றி எடுத்தார். அந்த ஆண்டுச் சம்பளம் 80 லட்சம். ஆட்டக்காரருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். நாளை முழங்கை போனாலும் குடும்பத்துக்குப் பணம் வந்துவிட்டது என்பதே லாபம், அது சிறியதல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு. சியாட்டில், 2019இல் இவான் ஒயிட்டுக்கு அவர் அறிமுகமாகும் முன்பே ஆறு ஆண்டுக்கு 2.4 கோடி எழுதியது. இடுப்புக் காயத்தால் அவர் மேஜர் லீகில் ஆடியது 84 ஆட்டமே. பணக்கார அணிக்கு அது ஒரு வரி. சிறிய அணிக்கோ அது ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் ஒரு ரிலீஃப் பிட்சரின் இடம், ஒவ்வோர் ஆண்டும்.

இப்படிப்பட்ட ஒப்பந்தம் ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள மட்டுமல்ல, கொடுத்து வாங்கவும் உதவும் என்பது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. ரேஸ் 2014இல் கிரிஸ் ஆர்ச்சருக்கு ஆறு ஆண்டு, 2.55 கோடி ஒப்பந்தம் போட்டது. 2018 ஜூலை 31 அன்று அவரைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தபோது பிட்ஸ்பர்க் வாங்கியது ஒரு பிட்சரை மட்டுமல்ல. மலிவு விலையில் இன்னும் சில ஆண்டுகளையும். பதிலுக்கு ரேஸுக்கு டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பிறகு பெயர் சொல்லப்பட்ட ஷேன் பாஸ். பிட்ஸ்பர்க் அந்த ஜூலையில் தொடர்ச்சியாக 11 ஆட்டம் வென்றிருந்தது. அந்தச் சூட்டில் எடுத்த முடிவு அது. கிளாஸ்னோவை அங்கே ரிலீஃபில் வைத்திருந்தார்கள். ரேஸ் வந்தவுடனேயே அவரைத் தொடக்க பிட்சராக்கியது. சிறிய அணி இரண்டு வார வெற்றியை நம்பி வாங்கக் கூடாது. வாங்கினால், தன் கையில் இருப்பவரைப் பற்றி எதிரணிக்கு என்ன தெரியும் என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

எப்போது கொடுப்பது என்பதே டிரேடில் கடினம். கடைசி ஆண்டின் ஜூலை வரை வைத்திருந்தால் வாங்குபவருக்குக் கிடைப்பது இரண்டு மாதம்; சீசன் நடுவில் கைமாறியவருக்குக் 'குவாலிஃபையிங் ஆஃபர்' என்ற ஓர் ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டி, அவர் மறுத்துப் போனால் டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில்) ஈடு பெறவும் முடியாது. ஆகவே விலை விழும். கடைசி ஆண்டு தொடங்கும் முன் கொடுத்தால் வாங்குபவருக்கு முழுச் சீசனும் அந்த ஈடும் உண்டு. 2024 பிப்ரவரியில் பர்ன்ஸ் பால்டிமோருக்குப் போனது இந்தக் கணக்கில்தான். மில்வாக்கிக்கு வந்தவர்கள் ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால், கூடவே அந்த ஆண்டு டிராஃப்டில் 34ஆவது இடம். சிறிய அணிகளுக்கென்று லீக் தரும் சமநிலைச் சுற்றின் இடம் அது. டிராஃப்ட் இடங்களில் டிரேடு செய்யக்கூடியது அந்த ஒன்றுதான்.

அதே குளிர்காலத்தில் அதே அணி வில்லி அடாமஸை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. அவருக்கும் ஓர் ஆண்டுதான் மீதி. அணி 93 ஆட்டம் வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. சீசன் முடிந்ததும் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுத்தார்கள். அவர் மறுத்துவிட்டு சான் பிரான்சிஸ்கோவில் 18.2 கோடிக்குக் கையெழுத்திட்டார். பொது வருமானத்தில் பங்கு பெறும் சிறிய அணி இழந்த ஆட்டக்காரர் 5 கோடிக்கு மேல் ஒப்பந்தம் பெற்றால் முதல் சுற்று முடிந்ததும் ஒரு கூடுதல் இடம் உண்டு. அது மில்வாக்கிக்கு வந்தது. அடாமஸ் விட்டுப்போன ஷார்ட்ஸ்டாப் இடத்தில் 2025இல் நின்றவர், பர்ன்ஸுக்குப் பதிலாக வந்த ஓர்ட்டிஸ். ஒருவரைக் கொடுத்து அடுத்த ஆண்டின் ஓட்டையை அடைப்பது, மற்றவரை வைத்து இந்த ஆண்டை ஆடுவது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால்தான் அது திட்டம்.

கணக்கு சரியாக இருந்தும் அடி விழுந்ததுண்டு. 2022 ஆகஸ்ட் 1 அன்று மில்வாக்கி பிரிவில் மூன்று ஆட்டம் முன்னிலையில் இருந்தபோது, தன் கடைசி இன்னிங்ஸ் பிட்சர் ஜோஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்தது. வந்த நால்வரில் டினெல்சன் லாமெட்டை இரண்டே நாளில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உடைமாற்றும் அறையில் இருந்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? தாங்கள் முதலிடத்தில் இருக்கிறோம், மேலிடம் நம்பவில்லை என்றுதான். அணி 86 ஆட்டம் வென்று ஒரே ஆட்டத்தில் பிளேஆஃபைத் தவறவிட்டது. ஆனால் அந்த நால்வரில் இன்னொருவரான எஸ்டூரி ரூயிஸை டிசம்பரில் கொடுத்துத்தான் கேட்சர் வில்லியம் கொன்ட்ரேராஸ் கிடைத்தார். ரிலீஃப் பிட்சர் ஜோயல் பயாம்ப்ஸும் கூடவே வந்தார். நான்கு மாதத்தில் அந்த டிரேடின் மதிப்பு தலைகீழாக மாறியது. அதற்காக ஆகஸ்டில் பட்ட காயம் பொய்யென்று ஆகிவிடாது. இரண்டையும் எழுதி வைப்பதே நேர்மை.

நவம்பரில் வரும் நெருக்கடியைப் பற்றி வெளியே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உள்ளே அதுதான் தூக்கம் கெடுக்கும் வாரம். 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்திட்டவரை ஐந்து சீசனிலும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ என்றால் நான்கு சீசனிலும், பெரிய அணியின் 26 பேரையும் உள்ளடக்கிய 40 பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால், இப்படி விடுபட்டவர்களைப் பிற அணிகள் எடுக்கும் ரூல் 5 டிராஃப்டில் எந்த அணியும் ஒரு லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அவரை அடுத்த சீசன் முழுக்க 26 பேரில் வைத்திருக்க வேண்டும். நன்றாக ஆட்களை வளர்க்கும் அணிக்கு இடம் போதாது. ஆகவே பட்டியலை நெருங்கிவிட்டவரைக் கொடுத்து, இன்னும் தூரத்தில் இருக்கும் சிறுவனை வாங்குவார்கள். 2019 நவம்பரில் ரேஸ் அப்படித்தான் கிரிஸ்டோபர் சாஞ்செஸை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து 19 வயது கர்டிஸ் மீடை வாங்கியது. சாஞ்செஸ் 2025இல் நேஷனல் லீக் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். ஆட்களைப் படிப்பதில் பெயர் வாங்கிய அணிக்கே இது நேர்ந்தது. தவறு மதிப்பீட்டில் மட்டுமல்ல. எண் 40 என்பதிலும் இருக்கிறது.

பட்டியலில் சேர்த்த பிறகு ஆப்ஷன் கணக்கு. ஒருவரை மூன்று சீசன்களில், கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீகுக்கு அனுப்பி அழைக்கலாம். ஒரு சீசனில் அதிகம் போனால் ஐந்து முறை. அனுப்பிய பிட்சர் 15 நாளும் மற்றவர் 10 நாளும் அங்கே இருந்தாக வேண்டும், யாரேனும் காயப்பட்டால் தவிர. ஒரு சீசனில் மொத்தம் 20 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் அந்த ஆப்ஷன் செலவாகாது, நாள்களும் சர்வீஸில் சேரும். களைத்த ரிலீஃப் பிட்சருக்குப் பதில் புதிய கையை அழைப்பதெல்லாம் இந்த எண்களுக்குள்தான். ஆப்ஷன் மீதியுள்ள சராசரி பிட்சரின் மதிப்பு, ஆப்ஷன் தீர்ந்த சற்று நல்ல பிட்சரைவிட அதிகமாக இருப்பது இதனால்.

இனி வளர்ப்பது. கிளீவ்லேண்டின் வழி பலரும் அறிந்தது: பந்தை நினைத்த இடத்தில் போடத் தெரிந்த கல்லூரி பிட்சரை எடு, வேகத்தைப் பிறகு சேர். ஷேன் பீபரை 2016இல் நான்காம் சுற்றில் எடுத்தபோது அவர் வேகம் மணிக்கு 90 மைலை ஒட்டியே இருந்தது. 2020இல் சராசரி 94 மைல், கையில் சை யங். குறி தெரிந்தவருக்கு உடல் வலுவும் பந்துப்பிடியும் சொல்லிக்கொடுக்கலாம். வேகம் மட்டும் உள்ளவருக்குக் குறி சொல்லிக்கொடுப்பது அரிது. பிடியை மாற்றும் வேலை குளிர்காலத்தில்தான். அதிவேக கேமராவில் பந்து விரலை விட்டுப் பிரியும் கணத்தைப் பார்ப்பார்கள். சுழற்சியும் விலகலும் ராடாரில் பதிவாகும். 25, 30 பந்து வீசிப் பார்த்து மறுபடி பிடியைத் திருத்துவார்கள். கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒரே நேரத்தில் பிடியையும் கால் அடியையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு நிலையில் ஒரு பயிற்சியாளர் சொன்னதை அடுத்த நிலையில் இன்னொருவர் மறுத்தால் பையன் இருவரையும் நம்பமாட்டான். அதனால் எழுதிய திட்டம் ஆட்டக்காரரோடு ஊர் ஊராகப் போக வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். டொமினிக்கன், வெனிசுவேலா பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில்.

வேகத்தைத் துரத்துவதில் முழங்கைத் தசைநார் கிழிவது எல்லா அணிக்கும் பொதுவான துயரம். பர்ன்ஸ் அரிசோனாவில் 21 கோடிக்குக் கையெழுத்திட்ட முதல் சீசனிலேயே அறுவை சிகிச்சைக்குப் போனார்.

2023 ஒப்பந்தத்துக்குப் பிறகும் மைனர் லீகின் உச்சியான டிரிபிள் ஏ நிலையில் ஓர் ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர் என்றுதான் தொடங்கியது. தங்குமிடத்தை இப்போது அணி தருகிறது. நல்ல சாப்பாடு, கூடுதலாக ஒரு பயிற்சியாளர், ஒரு மொழி ஆசிரியர்: இவற்றுக்கு ஆகும் செலவை ஒரு நடுத்தர ஃப்ரீ ஏஜென்ட்டின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கும். சிறிய அணிகளில் சிக்கனம் முதலில் கை வைப்பது அங்கே என்றால், அந்த அணிக்குத் தன் தொழில் என்னவென்றே தெரியவில்லை. 2022 டிசம்பரில் ரூல் 5இன் மைனர் லீக் சுற்றில் மில்வாக்கி ஐசக் காலின்ஸை எடுக்கக் கட்டியது 24,000 டாலர். 2025இல் 97 ஆட்டம் வென்று லீகிலேயே முதலிடம் பிடித்த அணியில் அவர் இடது களத்தில் ஆடினார்.

அதே களத்தில் ஆடிய ஜாக்சன் சோரியோ, வெனிசுவேலாவிலிருந்து 2021 ஜனவரியில் 16 வயதில் மில்வாக்கியில் கையெழுத்திட்டவர். மைனர் லீகிலேயே இருந்திருந்தால் 2025 நவம்பரில் அவர் பெயரும் பட்டியல் கேள்விக்கு வந்திருக்கும். 2024 தொடக்கத்தில் அவரை 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் முதல் 16 நாள் மட்டும் மைனர் லீகில் நிறுத்தியிருந்தால் 172 நாளை எட்டியிருக்க மாட்டார், அணிக்கு ஏழாவது ஆண்டும் கிடைத்திருக்கும். 2015இல் பணக்காரச் சிகாகோ கப்ஸில் கிரிஸ் பிரயன்ட்டுக்குச் சேர்ந்தது சரியாக 171 நாள்தான். மில்வாக்கி அதைச் செய்யவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே எட்டு ஆண்டுக்கு 8.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்துவிட்டு, 20 வயதுப் பையனை முதல் நாளே களத்தில் இறக்கியது.